ஒரே டிஸ்க், ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு எண்: டிரைவர் சொல்லும் அளவுகளை ஒத்துப்போக வைப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: லினக்ஸில் ஒரு சேமிப்புச் சாதனத்துக்கு பிளாக் டிரைவர், அதாவது சாதனத்தையும் கர்னல் என்ற இயங்குதள மையத்தையும் இணைக்கும் நிரல், எழுதுகிறேன். சாதனம் 4096 பைட் பிளாக்குகளில் பேசுகிறது. டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளை கொள்ளளவைச் சரியாகக் காட்டுகிறது. நானே எழுதிய சிறு நிரல் அதையே எட்டு மடங்காகக் காட்டுகிறது. வெப்பநிலையும் இரண்டு கருவிகளில் கொஞ்சம் தள்ளித் தள்ளி வருகிறது, இதுவரை எழுதிய அளவு எங்குமே பொருந்தவில்லை. எல்லா இடைமுகங்களும் ஒரே எண்ணைத் தரும்படி டிரைவரை மாற்றிவிடலாமா?

வேண்டாம். எல்லா இடத்திலும் ஒரே எண் வரத் தேவையில்லை. எல்லா எண்களும் ஒரே உண்மையிலிருந்து பிறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே மனையை ஒருவர் சென்டிலும் இன்னொருவர் சதுர அடியிலும் சொல்வதால் தகராறு வராது. ஆளுக்கொரு அளவு எடுத்து வைத்திருந்தால்தான் தகராறு. உங்கள் டிரைவரில் இந்த இரண்டில் எது நடக்கிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். எட்டு மடங்குச் சிக்கல் முதல் வகை. மற்றவற்றில் இரண்டும் கலந்திருக்கும்.

கொள்ளளவிலிருந்து தொடங்குவோம், அதில்தான் சரக்கு அதிகம். 2 டெராபைட் என்று விற்கும் ஹார்ட் டிஸ்கில் வழக்கமாக 3907029168 செக்டர்கள் இருக்கும். செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 2000398934016 பைட். இதே கொள்ளளவை 4096 பைட் பிளாக் கொண்ட டிஸ்காகச் செய்தால் பிளாக் எண்ணிக்கை 488378646. கர்னல் தொடங்கும்போது வரும் செய்தியில் முதல் டிஸ்குக்கு 3907029168 என்றும், இரண்டாவதற்கு 488378646 என்றும் எழுதும். ஆனால் கர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்தச் சாதனத்தின் 'சைஸ்' கோப்பைத் திறந்தால் இரண்டுக்கும் ஒரே 3907029168. அதே போன்ற புராக் அடைவில் 'பார்ட்டிஷன்ஸ்' என்ற கோப்பைப் பார்த்தால் 1953514584, ஏனென்றால் அங்கே அலகு 1024 பைட். பிஎல்கே கெட் சைஸ் என்ற பழைய ஐஆக்டில், அதாவது நிரல் சாதனத்தைப் பற்றிக் கேட்கும் ஒரு கர்னல் அழைப்பு, 512 கணக்கில் தரும், பிஎல்கே கெட் சைஸ் 64 பைட்டில் தரும். ஆக ஒரே டிஸ்குக்கு நான்கு எண்கள், நான்கும் சரி.

உங்கள் நிரலில் எட்டு மடங்கு வந்ததற்குக் காரணம் அநேகமாக இதுதான்: 'சைஸ்' கோப்பில் வந்த எண்ணை சாதனம் பேசும் பிளாக் அளவைச் சொல்லும் 'லாஜிக்கல் பிளாக் சைஸ்' கோப்பில் வந்த 4096-ஆல் பெருக்கியிருப்பீர்கள். 3907029168-ஐ 4096-ஆல் பெருக்கினால் 16003191472128, அதாவது 16 டெராபைட். 'சைஸ்' கோப்பு எப்போதும் 512 பைட் அலகில்தான் பேசும். சாதனத்தின் உண்மையான செக்டர் அளவு எதுவாக இருந்தாலும் அது மாறாது. படித்த செக்டர், எழுதிய செக்டர் என்று 'டிஸ்க்ஸ்டாட்ஸ்' என்ற புராக் கோப்பு தரும் எண்களுக்கும் இதே விதி.

அந்தக் கோப்பு லாஜிக்கல் பிளாக் அலகிலேயே தந்தால்தானே நேர்மை என்று பலரும் கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அலகு நிலையாக இருப்பதால் படிக்கிறவருக்கு ஒரே ஒரு கோப்பு போதும். அலகு சாதனத்தோடு மாறுமானால் கொள்ளளவுக்கு ஒரு கோப்பு, பிளாக் அளவுக்கு ஒரு கோப்பு என இரண்டைப் படிக்க வேண்டும். இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே யாராவது சாதனத்தை வேறு பிளாக் அளவுக்கு ஃபார்மட் செய்துவிட்டால், பழைய எண்ணைப் புதிய அலகால் பெருக்கிக்கொண்டிருப்பார். 512 என்ற எண் பழங்காலத்து மிச்சமாகத் தெரியலாம். ஆனால் அதில் இந்த நல்ல குணம் இருக்கிறது. அதனால் உங்கள் டிரைவரில் அந்தக் கோப்பை 'திருத்த' முயல வேண்டாம், திருத்த வேண்டியது உங்கள் நிரலை.

டிரைவருக்குள் நடக்க வேண்டியது இது. சாதனம் தன் மொழியில் சொன்னதை, அதாவது 4096 பைட் பிளாக் எண்ணிக்கையை, ஒரே ஒரு இடத்தில் வாங்குங்கள். வாங்கிய உடனே சரிபாருங்கள். பிளாக் அளவு இரண்டின் அடுக்குதானா, 512-க்குக் குறையாமல் இருக்கிறதா, எண்ணிக்கை பூஜ்ஜியமா என்று பார்த்த பிறகு ஒரே ஸ்ட்ரக்ட்டில் வையுங்கள். கர்னலுக்குக் கொடுக்கும்போது 512 செக்டராக மாற்றி செட் கெபாசிட்டி வகைச் செயற்கூறுக்குத் தாருங்கள். அதன் பிறகு 'சைஸ்' கோப்பு, 'பார்ட்டிஷன்ஸ்', இரண்டு ஐஆக்டில்கள் எல்லாவற்றையும் கர்னலின் பிளாக் அடுக்கே பார்த்துக்கொள்ளும். உங்கள் டிரைவர் அந்த ஐஆக்டில்களுக்குத் தானாகப் பதில் சொல்லவே கூடாது. டிரைவர் எழுத்தாளர்கள் தனி சிஸ்எஃப்எஸ் கோப்பு ஒன்றைச் சேர்த்து, அதில் தங்கள் ஸ்ட்ரக்ட்டிலிருந்து வேறொரு கணக்குப் போட்டுக் கொள்ளளவைக் காட்டுவார்கள். முரண்பாடு பெரும்பாலும் அங்கே பிறக்கிறது. தனிக் கோப்பு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதுவும் அதே ஒரு மாறியிலிருந்து, அதே மாற்றுச் செயற்கூறு வழியாக வரட்டும்.

அலகை மாறியின் பெயரிலேயே எழுதுங்கள். 'சைஸ்' என்று ஒரு மாறி, 'கெபாசிட்டி' என்று இன்னொரு மாறி இருந்தால் ஆறு மாதம் கழித்துப் பார்க்கிறவர் எது பைட், எது பிளாக் என்று ஊகிக்க வேண்டியிருக்கும். கர்னலே இந்தப் பாடத்தைப் பின்னால்தான் பிடித்துக்கொண்டது. சிஸ்எஃப்எஸ்ஸில் சாதனத்தின் கியூ (கோரிக்கை வரிசை) அடைவில் 'மேக்ஸ் செக்டர்ஸ் கேபி', 'டிஸ்கார்ட் மேக்ஸ் பைட்ஸ்' போன்ற கோப்புகளில் அலகு பெயரிலேயே இருக்கிறது. 'சைஸ்' என்ற பழைய பெயரில் இல்லை. குழப்பம் எந்தக் கோப்பில் வருகிறது என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

பெருக்கும்போது 32 பிட் வரம்பை மறக்கக் கூடாது. பிளாக் எண்ணிக்கையும் பிளாக் அளவும் இரண்டுமே 32 பிட் மாறிகளாக இருந்து, விடையை 64 பிட் மாறியில் வைத்தாலும் பயனில்லை. பெருக்கல் 32 பிட்டில் நடந்து முடிந்த பிறகுதான் விடை அகலமாகும். மேலே சொன்ன 488378646-ஐ 4096-ஆல் அப்படிப் பெருக்கினால் 3239141376 வரும், 2 டெராபைட் டிஸ்க் 3.2 ஜிகாபைட் ஆகிவிடும். இதில் மோசம் என்னவென்றால் 100 மெகாபைட் சோதனைச் சாதனத்தில் எல்லாம் சரியாகவே வரும். 3 டெராபைட் டிஸ்க் 746 ஜிபி என்று காட்டுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதற்கும் இதே கதைதான். 5860533168 செக்டர்களில் 32 பிட்டுக்கு மேலுள்ளது வெட்டுப்பட்டு 1565565872 மட்டும் மிஞ்சுகிறது. பிஎல்கே கெட் சைஸ் இந்த விஷயத்தில் யோக்கியமாக நடந்துகொள்கிறது. 32 பிட் கணினியில் விடை அதன் மாறிக்குள் அடங்கவில்லை என்றால் வெட்டிக் கொடுப்பதில்லை, கோப்பு மிகப் பெரியது என்ற பிழையைத் திருப்புகிறது. உங்கள் சொந்த ஐஆக்டிலிலும் இதையே செய்யுங்கள். தவறான எண்ணைவிடப் பிழைச் செய்தி ஆயிரம் மடங்கு மேல்.

ஹெட், சிலிண்டர் கணக்கில் டிஸ்கின் வடிவத்தைச் சொல்லும் ஐஆக்டில் ஒன்றும் இருக்கிறது. அதில் சிலிண்டருக்கு 16 பிட்தான். 255 ஹெட், 63 செக்டர் என்று வைத்தால் 539 ஜிகாபைட்டோடு அது தீர்ந்துவிடும். பழைய நிரல்களுக்காக ஏதோ ஒரு மதிப்பைத் தரலாம், அதிலிருந்து யாரும் கொள்ளளவைக் கணக்கிடக் கூடாது என்று ஆவணத்தில் எழுதிவிட்டு நகருங்கள்.

அடுத்தது, எண்ணிக்கைக்கும் கடைசி முகவரிக்கும் உள்ள ஒன்று வித்தியாசம். ஸ்கஸி என்ற சேமிப்புச் சாதன நெறிமுறையில் 'ரீட் கெபாசிட்டி' கட்டளை எத்தனை பிளாக் என்று சொல்லாது, கடைசி பிளாக்கின் முகவரியைத்தான் சொல்லும். முகவரி பூஜ்ஜியத்தில் தொடங்குவதால் நம் 2 டெராபைட் டிஸ்க் 3907029167 என்று பதில் தரும், டிரைவர் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் இதே கட்டளைக்குப் பதில் சொல்லும், சந்தைக்கு வந்த சில யுஎஸ்பி சாதனங்கள் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு எண்ணிக்கையையே தந்துவிட்டன. அதற்காக லினக்ஸின் யுஎஸ்பி ஸ்டோரேஜ் டிரைவரில் 'ஃபிக்ஸ் கெபாசிட்டி' என்று ஒரு கொடி இருக்கிறது. அந்தச் சாதனங்களின் பட்டியலை வைத்து ஒன்றைக் கழித்துவிடும். இன்னும் சில சாதனங்களுக்கு ஊகம்கூட உண்டு. கணக்கில் வரும் கொள்ளளவு ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்றைக் குறைத்துவிடும், சாதனம் சொன்ன எண்ணைத் திருத்துவதாகக் கர்னல் பதிவிலும் எழுதும்.

ஒரு செக்டர்தானே என்று விட முடியாது. டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று குறிக்கும் ஜிபிடி பகிர்வு அட்டவணையின் மாற்றுத் தலைப்பு சாதனத்தின் கடைசி செக்டரில் இருக்கும். கொள்ளளவு ஒன்று கூடுதலாக இருந்தால் இல்லாத செக்டரைத் தேடிப் போய்ப் படிப்புப் பிழை வரும், சில சாதனங்கள் அந்த இடத்தில் தொங்கியே போகும். இந்த யுஎஸ்பி கதையில் நீங்கள் கவனிக்க வேண்டியது திருத்தம் எங்கே நடக்கிறது என்பதை. சாதனத்தின் பதிலை வாங்கும் அந்த ஒரே வாசலில் நடக்கிறது. ஐஆக்டிலில் ஒரு கழித்தல், சிஸ்எஃப்எஸ்ஸில் இன்னொரு கழித்தல் என்று சிதறவில்லை. உங்கள் சாதனத்துக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் ஏதாவது தவறாகச் சொன்னால் அதை வாசலிலேயே திருத்துங்கள், திருத்தியதைக் கர்னல் பதிவில் ஒரு வரி எழுதுங்கள். இல்லையென்றால் சாதனத்தை நேரடியாகக் கேட்கும் கருவி ஒரு எண்ணும், கர்னல் ஒரு எண்ணும் சொல்லும்போது காரணம் யாருக்கும் தெரியாது.

சாதனம் சொல்வதெல்லாம் நம்பத் தகுந்ததல்ல என்பதற்கு இன்னொரு எண்: 33553920. ஒரே முறையில் படிக்க, எழுத உகந்த அளவைச் சொல்லும் 'ஆப்டிமல் ஐஓ சைஸ்' கோப்பில் இந்த எண்ணைப் பார்த்தால் உஷாராகுங்கள். இது 65535-ஐ 512-ஆல் பெருக்கியது. சாதனமோ நடுவில் உள்ள பாலச் சிப்போ 16 பிட்டில் எல்லாவற்றையும் 1 ஆக்கி அனுப்பியிருக்கிறது. 4096-ஆல் வகுத்தால் மீதி வரும், இதை நம்பிப் பகிர்வுகளை வரிசைப்படுத்தினால் தொடக்க இடங்கள் விகாரமாகும். இப்போதைய ஸ்கஸி டிஸ்க் டிரைவர் இந்த மதிப்பு பிஸிக்கல் பிளாக்கின், அதாவது சாதனம் உள்ளே உண்மையில் எழுதும் அலகின், மடங்குதானா என்று பார்த்து, இல்லையென்றால் ஒதுக்கிவிடுகிறது. இரண்டு இடைமுகங்கள் தரும் எண்கள் ஒன்றுக்கொன்று அர்த்தத்திலும் பொருந்த வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம். பிஸிக்கல் பிளாக் 4096 என்று ஒரு கோப்பில் சொல்லிவிட்டு, அதற்கு வகுபடாத உகந்த அளவை இன்னொரு கோப்பில் சொன்னால் ஒவ்வொன்றும் தனியாகச் சரியாகத் தெரியும், சேர்த்துப் பார்த்தால் பொய்.

வெப்பநிலைக்கு வருவோம். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி சாதனங்கள் தங்கள் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் பதிவில் வெப்பநிலையைக் கெல்வினில் முழு எண்ணாகத் தருகின்றன. கர்னல் 5.5 பதிப்பிலிருந்து, அதாவது 2020 தொடக்கத்திலிருந்து, என்விஎம்இ டிரைவர் இதை எச்டபிள்யூமான் என்ற கர்னலின் உணரி இடைமுகம் வழியாகவும் காட்டுகிறது. அங்கே அலகு மில்லி டிகிரி செல்சியஸ். சாதனம் 313 என்று சொன்னால் டிரைவர் 273.15-ஐக் கழித்து 39850 என்று எழுதுகிறது, சென்சார்ஸ் கட்டளை 39.9 என்று காட்டுகிறது. ஸ்மார்ட் படிக்கும் கருவிகள் 273-ஐ மட்டும் கழித்து 40 என்று காட்டுகின்றன. உங்கள் 'கொஞ்சம் தள்ளி' இதுவாகத்தான் இருக்கும், இதில் தவறு யாருடையதும் இல்லை. சாதனம் கொடுத்தது ஒரு டிகிரி துல்லியம். அந்த .85 எப்போதும் மாறாமல் நிற்பதைப் பார்த்தாலே அது அளந்து வந்ததல்ல என்று புரியும். உங்கள் டிரைவரில் மாற்றம் ஒரே மேக்ரோவில் இருக்கட்டும், வெப்ப எச்சரிக்கைக்கான எல்லை மதிப்புகளை எழுதும்போது திருப்பி மாற்றுவதும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். பயனர் 70 டிகிரி என்று எழுதிவிட்டு உடனே படித்தால் 69.85 வரும். ஒரு டிகிரிக்கு மேல் நகரக் கூடாது, திரும்பத் திரும்பப் படித்து எழுதினாலும் ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிக்கொண்டே போகக் கூடாது. இதைச் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

அதே சென்சார்ஸ் வெளியீட்டில் குறைந்தபட்சம் -273.1, அதிகபட்சம் 65261.8 டிகிரி என்று வருவதையும் பார்த்திருப்பீர்கள். சாதனத்தில் எல்லையே வைக்கப்படவில்லை என்பதன் அடையாளம் அது. கீழ் எல்லை 0 கெல்வின், மேல் எல்லை 16 பிட்டில் அடங்கும் பெரிய எண் 65535. இரண்டையும் அப்படியே செல்சியஸாக மாற்றினால் இப்படித்தான் வரும். கணக்கு சரி, ஆனால் படிக்கிறவருக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. 'மதிப்பு இல்லை' என்பதை ஒரு மதிப்பாக மாற்றாதீர்கள். உங்கள் சொந்த டிரைவரில் இத்தகைய குறி எண்களை வாசலிலேயே பிரித்து, அந்தக் கோப்பையே காட்டாமல் விடுவது, அல்லது தரவு இல்லை என்ற பிழையைத் திருப்புவது நல்லது. இல்லாத வெப்ப உணரிகளுக்கு என்விஎம்இ டிரைவரும் கோப்பைக் காட்டுவதில்லை.

எழுதிய அளவு பொருந்தவில்லை என்றீர்கள். அது பொருந்தவும் கூடாது. 'டிஸ்க்ஸ்டாட்ஸ்' தருவது இந்தக் கணினி இந்த முறை தொடங்கியதிலிருந்து கர்னல் வழியாகப் போனது, அலகு 512 பைட். என்விஎம்இ ஸ்மார்ட் தருவது அந்தச் சாதனம் தன் ஆயுள் முழுதும் எந்தக் கணினியிலிருந்தும் பெற்றது. அதன் ஒரு 'டேட்டா யூனிட்' என்பது ஆயிரம் 512 பைட், அதாவது 512000 பைட், மேல்நோக்கி முழுமையாக்கியது. ஒரு டெராபைட் எழுதினால் ஒன்றில் 1953125000 கூடும், மற்றதில் 1953125 கூடும். சாடா டிஸ்குகளின் ஸ்மார்ட் பதிவில் எழுதிய அளவைச் சொல்லும் 241-ஆம் எண் பண்பு இன்னும் சிக்கல். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அலகு மாறும். இவற்றை டிரைவர் ஒன்றாக்க முயன்றால் இரண்டில் ஒரு தகவல் அழிந்துபோகும். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள் என்று ஆவணத்தில் சொல்லிவிடுங்கள். சோதிக்கும்போது மொத்தத்தை ஒப்பிடாமல், ஒரு பெரிய எழுத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த வித்தியாசத்தை ஒப்பிடுங்கள்.

இதுவரை சொன்னது அலகு பற்றி. நேரமும் ஒரு பிரச்சினை. சாதனத்தை 512-லிருந்து 4096-க்கு ஃபார்மட் செய்கிறார்கள் என்று வையுங்கள். டிரைவர் முதலில் பிளாக் அளவை மாற்றிவிட்டுப் பிறகு எண்ணிக்கையை மாற்றினால், நடுவில் ஒரு கணம் சாதனம் எட்டு மடங்காகத் தெரியும். அந்தக் கணத்தில் சாதன மாற்றங்களைக் கவனிக்கும் யுடெவ் என்ற நிரல் வந்து படித்துவிட்டால் அந்தப் பொய்தான் பதிவாகும். பழைய கர்னலில் கியூவின் வரம்புகளை ஒவ்வொன்றாக, தனித்தனிச் செயற்கூறுகளால் மாற்ற வேண்டியிருந்தது. 2024-இல் வந்த 6.9 பதிப்பில் வரம்புகளை ஒரு தொகுப்பாக எடுத்து, மாற்றி, சரிபார்த்து, ஒரே அடியில் பதியும் முறை வந்தது. புதிய டிரைவருக்கு அதுதான் வழி. ஒரு கோப்பையே டிஸ்காகக் காட்டும் லூப் சாதனத்திலும் இதே நோய் இருந்தது. கோப்பை இணைப்பது ஒரு ஐஆக்டில், எங்கிருந்து எவ்வளவு என்று சொல்வது இன்னொரு ஐஆக்டில் என்பதால் இரண்டுக்கும் நடுவே சாதனம் தவறான அளவோடு வெளியே தெரிந்தது. 2020-இல் 5.8 பதிப்பு எல்லாவற்றையும் ஒரே ஐஆக்டிலில் சேர்த்தது.

உங்கள் டிரைவரில் அளவு மாறும்போது கியூவை உறையவைத்து, வரம்புகளைப் பதிந்து, கொள்ளளவை வைத்து, பிறகு கியூவை விடுவியுங்கள். கொள்ளளவை மாற்றுவதோடு பயனர் பக்கத்துக்கு அறிவிப்பும் அனுப்பும் செயற்கூறு ஒன்று கர்னலில் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். மாற்றிவிட்டு அறிவிக்காமல் விட்டால் உங்கள் கோப்புகள் சரியாக இருந்தும் மேலே உள்ள கருவிகள் பழைய எண்ணையே வைத்துக்கொண்டிருக்கும்.

சரி, ஏற்கெனவே வெளியான டிரைவரில் ஒரு கோப்பு தவறான அலகில் பேசிக்கொண்டிருந்தால்? அதை மாற்றக் கூடாது. யாரோ ஒருவருடைய ஸ்கிரிப்ட் அந்தத் தவறைத் தெரிந்துகொண்டு, எட்டால் வகுத்து ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் திருத்திய அன்று அது உடையும். பயனர் நிரலை உடைக்காதே என்பது லினக்ஸில் சமரசம் இல்லாத விதி. பழையதை அப்படியே விட்டு, பெயரில் அலகு உள்ள புதிய கோப்பைச் சேருங்கள். பயனர் நிரல்கள் நம்பியிருக்கும் இடைமுகங்களைப் பதியும் கர்னலின் ஏபிஐ (ABI) ஆவண அடைவில் இரண்டையும் எழுதி, பழையதை வழக்கொழிந்தது என்று குறியுங்கள். பிஎல்கே கெட் சைஸுக்குப் பக்கத்தில் பிஎல்கே கெட் சைஸ் 64 நிற்பதும் இதே ஏற்பாடுதான். டிரைவர் இன்னும் வெளியாகவில்லை என்றால் இப்போதே திருத்திவிடுங்கள், இந்தச் சுதந்திரம் பிறகு கிடைக்காது.

கடைசியாகச் சோதனை. உங்கள் வன்பொருள் ஒரே ஒரு பிளாக் அளவோடு மேசையில் இருக்கும், அதை மட்டும் வைத்துச் சோதித்தால் போதாது. போலி டிஸ்கை உருவாக்கும் ஸ்கஸி டீபக் என்ற கர்னல் மாட்யூலில் செக்டர் அளவை 4096 என்றும், மெய்நிகர் கொள்ளளவை டெராபைட் கணக்கிலும் வைத்து ஏற்றலாம். உங்கள் பயனர் நிரலை அதன் மேல் ஓட்டினால் எட்டு மடங்குப் பிழையும் 32 பிட் வெட்டும் அங்கேயே வெளிப்படும். அப்புறம் உங்கள் டிரைவருக்கு ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். 'சைஸ்' கோப்பின் எண்ணை 512-ஆல் பெருக்கியது பிஎல்கே கெட் சைஸ் 64-க்குச் சமமா, சாதனம் நேரடியாகச் சொன்ன பிளாக் எண்ணிக்கையை லாஜிக்கல் பிளாக்கால் பெருக்கியதும் அதுவே வருகிறதா, பிஸிக்கல் பிளாக் லாஜிக்கலின் மடங்கா, உகந்த அளவு பூஜ்ஜியமாகவோ பிஸிக்கலின் மடங்காகவோ இருக்கிறதா, கடைசி பிளாக்கைப் படிக்க முடிகிறதா, அதற்கு அடுத்ததைப் படிக்க முடியாமல் போகிறதா என்று பார்க்கட்டும். ஃபார்மட் மாற்றத்துக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை, மாறிக்கொண்டிருக்கும்போது சுழலில் வைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். அந்த மூன்றாவது ஓட்டத்தில் வெவ்வேறு கோப்புகளைப் படித்துச் செய்யும் ஒப்பீடு நடுவில் ஒருமுறை தவறுவது சகஜம், இரண்டு வாசிப்புகள் ஒரே கணத்தில் நடப்பதில்லை. ஆனால் 'சைஸ்' கோப்பு மட்டும் எந்தக் கணத்திலும் பழைய அளவையோ புதிய அளவையோதான் காட்ட வேண்டும். மூன்றாவதாக ஒரு எண் வந்தால் டிரைவரில் பதியும் வரிசை தவறு.